ஆவியண்ணன் ஏன் கையெழுத்துப் போடவில்லை

உடல்நலக் காப்பீடு எடுக்காத ஒருவரைப் பார்த்து, "இவ்வளவு வயசாச்சு, இதுகூடவா தெரியல?" என்று நீங்கள் கேட்டதுண்டா? வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதுக்குள்ளாவது?

நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். கேட்ட கையோடு பதிலையும் நாமே சொல்லிக்கொள்வோம். அறியாமை, கஞ்சத்தனம், தலையெழுத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தூங்குகிற குணம். பதில் இத்தனை சுலபமாகக் கையில் இருப்பதால், சம்பந்தப்பட்ட மனிதரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றுவதே இல்லை. நாடி பிடிக்காமலே மருந்து எழுதுகிற வைத்தியரை என்னவென்று திட்டுவோமோ, அந்தத் திட்டு நமக்கும் பொருந்தும்.

ஆவியண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தது இதனால்தான்.

பேரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். பேய் பிசாசு சமாச்சாரம் எதுவும் இல்லை. அவர் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிறவர். நீராவி தருகிறவர், அதனால் ஆவியண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

சலவைக்கூடம் என்றால் தெருமுனை இஸ்திரிக் கடை அல்ல. நகரத்து விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் விரிப்புகள், தலையணை உறைகள், அறுவைக் கூடத்துப் பச்சைத் துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். ஆள் உயர உருளைகளுக்குள் அவை புரளும். பிழியும் எந்திரம் அவற்றைச் சுழற்றி ஈரத்தை உதறும். பிறகு கொதிக்கிற இஸ்திரி உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுப்பார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் சூடு தருகிற பாய்லர், பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நோயாளிகளின் படுக்கையை வெளுக்கிற இத்தனை பேரில், தனக்கு நோய் வந்தால் அப்படி ஒரு படுக்கையில் நிம்மதியாகப் படுக்க வழியுள்ளவர் ஒருவர்கூட அங்கே இல்லை. இதைப் பார்த்துக் கோபம் வராதவர்கள் மேற்கொண்டு படித்துப் பயனில்லை.

ஆவியண்ணன் அங்கே மூட்டை தூக்க வந்தவர். அப்பா, இருமலை இருமல்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்து செத்துப்போனவர். மூட்டை தூக்கியபடியே பாய்லரை வேடிக்கை பார்த்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை உரிமம் வாங்கினார். காலையில் வந்ததும் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் பார்ப்பார். பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்குவார். ஆவி புஸ்ஸென்று சீறினால்தான் அடுத்த வேலை. "தினமும் எதுக்குண்ணே தூக்கிப் பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "வெடிச்ச பிறகு பாய்லர் பார்க்க ஆள் தேவைப்படாதுப்பா" என்பார். வீட்டிலும் அதே கதை. அடுப்பங்கரை ஓரம் மணல் வாளி. மருந்துப் புட்டி வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்க்காமல் கடையை விட்டு நகரமாட்டார்.

ஆக, வருமுன் காப்பது என்றால் என்னவென்று தெரியாதவர் அல்ல. அப்படிப்பட்டவர்தான் வருஷக்கணக்காகக் காப்பீடு இல்லாமல் இருந்தார். கேட்டால் ஒரே பதில்: "குடுக்கமாட்டானுங்க." அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. கூடத்தில் அவருக்குக் கஞ்சன் என்று இன்னொரு பட்டமும் சேர்ந்துகொண்டது.

இப்போது அவர் மனைவிக்கு வருகிறேன். வீட்டிலேயே துணி தைப்பவர். சில மாதங்களாகச் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி, முதுகு வரை இழுக்கும். வாயு என்றார்கள், வயசு என்றார்கள். கடைசியில் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பை நிறையக் கல் என்றார். "அவசரம் இல்லை. ஆனா வீக்கம் கொடுத்துட்டா அப்புறம் ரொம்ப அவசரம். அதுக்கு முன்னாடி எடுத்துடுங்க."

அதே சமயத்தில் கூடத்துச் சங்கம் ஒரு வருஷம் முட்டி மோதி ஒரு காரியம் சாதித்திருந்தது. எல்லா நிரந்தரத் தொழிலாளருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே காப்பீடு. பாதியை முதலாளி கட்டுவார், பாதி இவர்கள் சம்பளத்திலிருந்து. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். ஆனால் இப்போது சேர்ந்தால்தான். விட்டால் அடுத்த வருஷம். சனிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மனைவி ஆரம்பித்தார்.

"ஏங்க, சனிக்கிழமைதான் கடைசியாம்."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரிஞ்சதுதான்."

"நான் என்ன நகையா கேக்குறேன்? வயித்துல இருக்கிற கல்லை எடுக்கச் சொல்றேன்."

"அதுல வைரக்கல் ஏதாவது இருந்தா வித்துட்டு நாமளே ஆபரேஷனுக்குக் கட்டிடலாம்."

மனைவி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர் பாதியில் நின்றார். வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு அது போகும்வரை காத்திருந்தார். ஆவியண்ணன் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"பணத்தை நான் எப்படியாவது சேர்த்துடறேன்" என்றார் மெதுவாக. "கடனோ கிடனோ. ஆனா அவனுங்ககிட்ட மறுபடி போய் நிக்கமாட்டேன்."

"உங்க மானம் பெருசா, என் உசுரு பெருசா?"

"இது மானம் மட்டும் இல்லன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார் மனைவி. "இப்ப வாயை மூடினாலும் வயிறு மூடமாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம். எந்திரங்கள் நின்றதால் கூடத்தில் காதே புதிதாக முளைத்தது போன்ற அமைதி. மடிப்பு மேசைகளைச் சுற்றி டப்பாக்கள் திறந்திருந்தன. சங்கச் செயலாளர் ஆவியண்ணனைப் பிடித்துக்கொண்டார். இவரும் மடிப்பு மேசைக்காரர்தான். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். எல்லாருக்கும் மடிப்பக்கா, ஆவியண்ணனுக்கு மட்டும் தங்கச்சி.

"அண்ணே, நாளைக்குக் கடைசி நாள்."

"வீட்லயும் அதான் சொன்னாங்க."

"வீட்ல சொன்னதை ஒரு காதுல வாங்கினீங்க. நான் சொல்றதை இன்னொரு காதுல வாங்கி, ரெண்டையும் உள்ளேயே வச்சுக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"குடுக்கமாட்டானுங்க தங்கச்சி."

"ஏன் குடுக்கமாட்டான்?"

"குடுக்கமாட்டான்."

"கிளிப்பிள்ளை மாதிரி இதையே சொன்னா எப்படி? உங்களைக் காட்டித்தான் இங்க பாதிப் பேர் ஒதுங்கி நிக்கிறாங்க. 'ஆவியண்ணனே போடலையே, அவரு வால்வைத் தூக்கிப் பார்க்காம வேலை தொடங்காத ஆளு, காரணம் இல்லாமலா இருக்கும்'ங்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

உருளைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணன் கையை விட்டுக் காசு பிரியணும்னா பாய்லர்ல வச்சு அவிக்கணும்க்கா!"

சிரிப்பு. ஆவியண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மடிப்பக்காவுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"சிரிக்காதீங்கண்ணே. எனக்குப் பத்திக்கிட்டு வருது. அண்ணி அங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க இங்க பையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கட்டினவளுக்கு இதுகூடச் செய்யாத ஆம்பளை..."

"போதும்மா. அவரை விட்டுடு."

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். புருஷன் கையெழுத்து இல்லாமல் தன் பெயரை மட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்க வந்தவர். நடந்து வந்த களைப்பில் கதவு நிலையில் சாய்ந்திருந்தார். ஆவியண்ணன் எழுந்து, "நீ ஏன் இங்க..." என்று தொடங்க, கையால் அவரை உட்காரச் சொன்னார்.

இந்த இடத்தில் அந்தக் கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வாசலில் ஒரு பலகை, பலகையில் ஆளுக்கொரு கொக்கி. உள்ளே வரும்போது உங்கள் எண் பொறித்த பித்தளை டோக்கனை உங்கள் கொக்கியில் மாட்ட வேண்டும். மணி அடிக்கும்போது கொக்கி காலியாக இருந்தால் அன்றைய சம்பளம் கிடையாது. காய்ச்சலா, கால் முறிந்ததா, பெற்ற தாய் போய்விட்டாரா, பலகைக்கு அக்கறை இல்லை. கொக்கிக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான், காலி அல்லது காலி இல்லை. ஆகவே தொழிலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் அவர் டோக்கனை மாட்டிவிடுவார்கள், அவர் வேலையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாராவது தேடி வந்து கேட்டால் மொத்தக் கூடத்துக்கும் ஒரே பதில்: "இப்பத்தானே இங்க நின்னாரு!" தவணை கிடையாது, பொடி எழுத்தில் நிபந்தனை கிடையாது. கேட்டதும் கிடைக்கிற காப்பீடு அது. அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்ட அது உதவாது.

மனைவி மடிப்பக்காவைப் பார்த்துக் கேட்டார்: "இவருக்குக் குடலிறக்கம்னு ஆபரேஷன் நடந்துச்சே, ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லாம என்ன அண்ணி? ஒரு நாள் சம்பளம் போக விட்டோமா? நாங்கதானே டோக்கன் மாட்டினோம். இன்னொரு பாய்லர்காரரு ரெண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்தாரே!"

"அப்ப ஒரு ஆள் வந்து விசாரிச்சானாமே?"

மடிப்பக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. இது கூடத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்.

"அதை ஏன் கேக்குறீங்க! ஒல்லியா ஒருத்தன், தோள்ல பையோட. முதலாளி அனுப்பின உளவாளின்னு பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டோம்ல? 'பாய்லர்காரர் எங்க'ன்னான். 'பாய்லர்கிட்ட'ன்னேன். 'நேத்து வந்தாரா'ன்னான். 'நேத்து வந்தாரு, முந்தாநேத்து வந்தாரு, போன வாரம் முழுக்க வந்தாரு'ன்னேன். 'கண்ணால பார்த்தீங்களா'ன்னான். 'பார்த்தேனாவது! இப்பத்தான் எனக்கு எதிர நின்னு டீ குடிச்சாரு, நடுவுல ரெண்டு தும்மல் வேற போட்டாரு'ன்னேன். வாயடைச்சுப் போய் எழுதிக்கிட்டுப் போனான் பாருங்க!"

கூடம் மறுபடி சிரித்தது. ஒருவர் தும்மியே காட்டினார்.

"அவன் முதலாளி ஆள் இல்லம்மா" என்றார் மனைவி. "இன்சூரன்ஸ் ஆள்."

தும்மினவரின் வாய் அப்படியே நின்றது.

"இவரு அப்ப தனியா பாலிசி எடுத்து, வருஷம் தவறாம கட்டிக்கிட்டு வந்தாரு. ஆபரேஷன் பில்லை அனுப்பினோம். இந்த ஆள் படுக்கையில இருந்தாருன்னு ஆஸ்பத்திரி சொல்லுது. வேலை செய்ற இடத்துல விசாரிச்சா, அந்த வாரம் முழுக்க வேலைக்கு வந்தாரு, டீ குடிச்சாருங்கிறாங்க. பொய் பில்லுன்னு தள்ளிட்டாங்க. பாலிசியையும் நிறுத்திட்டாங்க. அப்பத்தான் என் தையல் மிஷினை வித்தோம். மிஷின் ரிப்பேர்னு உங்ககிட்டச் சொன்னேன்ல, அது ரிப்பேர் இல்ல. இப்ப இருக்கிறது அப்புறம் கடன்ல வாங்கினது."

மடிப்பக்கா கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டார்.

"அண்ணே. நான் சொன்னதாலயா?"

"நீ மட்டுமா சொன்ன?" என்றார் ஆவியண்ணன். "காவல்காரர் சொன்னாரு, உருளைக்காரங்க சொன்னாங்க. எல்லாரும் ஒரே மாதிரி அழகாச் சொன்னீங்க. நீ தும்மலைச் சேர்த்த, அவ்வளவுதான்."

"ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல? இத்தனை வருஷமா நான் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களே!"

"என்னன்னு சொல்றது? என் சம்பளத்தைக் காப்பாத்தத்தான் சொன்னீங்க. உங்க நல்ல மனசுதான் என்னைக் கவுத்துருச்சுன்னு சொல்லவா? சொன்னா நாளைக்கு இன்னொருத்தன் படுத்தா எவன் டோக்கன் மாட்டுவான்?"

"அந்தக் கம்பெனிக்காரன்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"'நான் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன், டோக்கனை மாட்டினது அவங்க'ன்னு எழுதிக் குடுத்தா? அது முதலாளி கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? இந்த மேசையைச் சுத்தி உக்காந்திருக்கிற அத்தனை பேரும் தெருவுல நிப்பீங்க. நான் ஒருத்தன் பொய்யன்னு பேர் வாங்கினா போதும்னு விட்டுட்டேன்."

இதுதான் நாம் அறியாமை என்று பெயர் வைத்தது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நோயில் படுத்தவனுக்குச் சம்பளம் இல்லை என்று ஒருவர் விதி செய்தார். அந்த அநியாயத்திலிருந்து தப்பிக்கக் கூட்டாளிகள் ஒரு பொய்யைச் சுமந்தார்கள். டாக்டர் கையெழுத்திட்ட ஏட்டையும் அறுத்துத் தைத்த வயிற்றையும் விட வாசல் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, ஒரு நிறுவனம் கதவை மூடியது. மேலே முறையிட ஓர் இடம் உண்டு என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் வாய் திறக்க முடியாது, திறந்தால் நண்பர்களுக்கு வேலை போகும். ஆகவே உண்மையில் பாதியை விழுங்கிவிட்டு, "குடுக்கமாட்டானுங்க" என்ற மீதிப் பாதியை மட்டும் சொன்னார். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று கூடத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். இதில் முட்டாள் யார், காட்டுங்கள். ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத் தெரிந்தவரை சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். தலையெழுத்து என்று ஒன்று கிடையாது. ஆனால் சட்டதிட்டம் எழுதும் கை ஒன்று உண்டு. அந்தக் கையைப் பிடித்துக் கேள்வி கேட்காமல் ஏழையின் நெற்றியைத் தடவிப் பார்ப்பதுதான் நம்முடைய மூடநம்பிக்கை.

மடிப்பக்கா எழுந்து குழாயடிக்குப் போனார். முகம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் பழையபடி இருந்தது.

"சரி. இனிமே இந்தக் கூடத்துல எவருக்காகவும் எவரும் தும்மக் கூடாது."

"அப்ப சம்பளம்?" என்றது உருளைப் பக்கம்.

"அதைத்தான் கேக்கப் போறோம். சாப்பிட்டவங்க கையைக் கழுவிட்டு வாங்க. சாப்பிடாதவங்களும் வாங்க."

மேலாளர் அறை சிறியது. உள்ளே போனவர்களைவிட வாசலில் நின்றவர்கள் அதிகம். ஆவியண்ணன் முதல் தடவையாக முன்னால் நின்றார். அவர் மனைவிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

"படுத்திருக்கிறவனுக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்றார் மேலாளர். "வேலைக்குத்தானே கூலி?"

"சார், பிழியிற மிஷின் போன மாசம் நின்னுச்சே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் மடிப்பக்கா.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்."

"காசு குடுத்தீங்கல்ல? மிஷின் படுத்தா செலவு பண்றீங்க. மனுஷன் படுத்தா டோக்கனைப் பார்க்குறீங்க. அப்ப எங்களையும் மிஷின் கணக்குல சேர்த்துக்குங்க சார், நாங்க கோவிச்சுக்கமாட்டோம்."

வாசலில் சிரிப்பு. மேலாளருக்கும் உதடு லேசாக இழுத்தது. அதை மறைக்கக் கோப்பைப் புரட்டினார்.

அப்போது ஆவியண்ணன் பேசினார். பாய்லரைப் பற்றிப் பேசுகிற அதே நிதானம். "சார், இந்த இன்சூரன்ஸுக்குப் பாதியை முதலாளி கட்டுறாரு. நாளைக்கு ஒருத்தன் ஆஸ்பத்திரியில படுப்பான். அவன் டோக்கன் இங்க தொங்கும். கம்பெனிக்காரன் வந்து பார்ப்பான், கிளெய்மைத் தள்ளுவான். எங்க பாதியும் போச்சு, முதலாளி பாதியும் போச்சு. டோக்கன் தொங்காம இருக்கணும்னா, தொங்கலைன்னாலும் சம்பளம் வரணும். வேற வழி எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

பொய் டோக்கன் மாட்டியதைச் சபையில் போட்டு உடைத்துவிட்டார் என்று சிலர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். மேலாளர் அவரையே பார்த்தார். அவருக்கும் இது அரசல் புரசலாகத் தெரிந்ததுதான். யாரும் சொல்லாதவரை தெரியாததுபோல் இருந்துவந்தார். முதலாளியிடம் பேசத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அந்த நேரம் முழுவதும் மடிப்பக்கா நகத்தைக் கடித்தபடி நின்றார்.

தர்மம் புரியாத இடத்தில் நஷ்டம் புரியும். டாக்டர் சீட்டு இருந்தால் ஒரு வாரம் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் அந்த மாதம் முடியும்வரை பாதி என்று பதில் வந்தது. பழைய டோக்கன்களைப் பற்றிப் பேச்சில்லை. பெருந்தன்மை என்று மெச்ச இதில் ஒன்றும் இல்லை, என்றோ கொடுத்திருக்க வேண்டியதைத் தாமதமாகக் கொடுத்தார்கள். இருந்தாலும் வெளியே வந்தவர்கள் ஒருவரை ஒருவர் முதுகில் அறைந்துகொண்டார்கள். காவல்காரர், "இனிமே எனக்குப் பொய் சொல்ற வேலை மிச்சம்" என்றார்.

மறுநாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் மடிக்கணினியோடு வந்து மடிப்பு மேசையில் உட்கார்ந்தார். திட்டத்தின் நன்மைகளை ஒப்பிக்கத் தொடங்கினார். ஆவியண்ணன் கை காட்டி நிறுத்தினார்.

"நல்லதை அப்புறம் சொல்லும்மா. எதுக்கெல்லாம் குடுக்கமாட்டீங்க? அதை முதல்ல சொல்லு."

"சார், அது பெரிய பட்டியல்."

"பாய்லர் இன்னிக்கு இன்னொருத்தர் பார்க்கிறாரு. எனக்கு நேரம் இருக்கு."

அந்தப் பெண் கொஞ்சம் முறைத்தார். பிறகு படித்தார். புரியாத இடத்தில் ஆவியண்ணன் நிறுத்தினார், அவர் விளக்கினார். சில இடங்களில் அவருக்கே புரியாமல் அலுவலகத்துக்குப் பேசிக் கேட்டார். மேசையைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். வெளிநோயாளிச் செலவு கிடையாது, பல் கிடையாது, அறைக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது. கிடையாது கிடையாது என்று கேட்கக் கேட்க அவர்கள் முகம் இருளும் என்று அந்தப் பெண் பயந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. எது கிடையாது என்று தெளிவாகத் தெரிந்ததும், மீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை முதன்முதலாக வந்தது.

"கடைசியா ஒண்ணு. குடுக்கவேண்டியதைக் குடுக்கலைன்னா நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடணும்?"

"முதல்ல எங்க குறைதீர்ப்புப் பிரிவு. அவங்களும் சரியா பதில் சொல்லலைன்னா வெளியில தனி அலுவலகம் இருக்கு சார். இலவசம்தான். ஆனா கெடு உண்டு, அதுக்குள்ள போகணும்."

"அதை எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். ஆவியண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேனா கேட்டார். முதலில் மனைவியின் பெயரைச் சேர்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். பின்னால் வரிசை வாசல் வரை போயிற்று. "தள்ளாதீங்கப்பா, ஓசிச் சினிமாவா?" என்று மடிப்பக்கா அதட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மனைவிக்கு அறுவை நடந்தது. சிறு துளை போட்டு எடுத்துவிட்டார்கள். ஆவியண்ணன் விடுப்பு சொல்லிவிட்டுக் கூடவே இருந்தார். எடுத்த கற்களை டாக்டர் ஒரு புட்டியில் போட்டுக் கொடுக்க, "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மிளகு சைஸ்கூட இல்லையே" என்று மனைவி ஏமாந்து போனார். நிறுவனம் கட்டணத்தைக் கட்டியது. பஞ்சுக்கும் கையுறைக்கும் மட்டும் மாட்டோம் என்றது. பட்டியலில் அப்படித்தான் இருக்கிறதா என்று ஆவியண்ணன் சரிபார்த்தார். பஞ்சு இருந்தது, கையுறை இல்லை. கையுறைக்காக அவர் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. விடுவதாக இல்லை. "கையுறை காசு பெருசில்லப்பா. கேட்டா பதில் சொல்லணும், அது பெருசு" என்கிறார். மனைவி சாப்பிட்டுவிட்டு வலியில்லாமல் எழுந்திருக்கிறார். தைக்க வந்த துணிகளைத் தாமதமின்றிக் கொடுக்கிறார். புருஷனை அதட்டுவதற்குப் புதுத் தெம்பு வந்திருக்கிறது.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பழைய அறுவைக்கான பணம் போனது போனதுதான், கெடு தாண்டிவிட்டது. மூட்டை இறக்குகிறவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பதால் அவர்களுக்குத் திட்டம் இன்னும் இல்லை. மடிப்பக்கா அதற்காக மறுபடி முட்ட ஆரம்பித்திருக்கிறார். துணைக்கு ஆவியண்ணன். முட்டினால் திறக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டவர்கள், சும்மா இருக்கமாட்டார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. காப்பீடு இல்லாத ஒருவரையாவது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவராக இருக்கலாம், உங்கள் சொந்த அண்ணனாகவும் இருக்கலாம். இந்த வாரமே போய் அவரோடு உட்காருங்கள். அறிவுரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "முன்னாடி ஏதாவது நடந்துச்சா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, தயவுசெய்து, அவர் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். பழைய மறுப்புக் கடிதம் ஏதாவது இருந்தால் கெடு தாண்டுவதற்குள் முறையீடு எழுத உதவுங்கள். புதிதாகச் சேர்வதென்றால் கூடவே போய், எதற்கெல்லாம் கொடுக்கமாட்டார்கள் என்று அவருக்காகக் கேளுங்கள். உங்களிடம் ஒருவர் கூலிக்கு வேலை செய்கிறார் என்றால் இன்னொன்றும் உண்டு. உடம்புக்கு முடியாத நாளுக்கும் சம்பளம் உண்டு என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் படுத்த பிறகு அல்ல, இன்றைக்கே.